பதின்மூன்று வயதுப் பையன் ஏன் கூடைக்குக் கீழேயே நிற்க வேண்டும்?

மணிலாவில் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளும் நான் குடியிருந்த தெருவின் முனையில் ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. தகரக் கூரை, வெடிப்பு விட்ட சிமெண்ட் தரை, பந்து மோதும் பலகையில் பெயின்ட் உரிந்துபோன உள்ளூர் அரசியல்வாதி ஒருவரின் பெயர். பள்ளி விட்டு வரும் பையன்கள் ரப்பர் செருப்போடே இருட்டும்வரை ஆடுவார்கள். அந்தப் பகுதியில் யாராவது இறந்துவிட்டால் அதே திடலில்தான் சவப்பெட்டியை வைத்து நாள்கணக்கில் கண்விழிப்பார்கள்; அந்த நாட்களில் பையன்கள் மின்கம்பத்தில் அடித்து வைத்திருந்த இரும்பு வளையத்துக்குக் கீழே சாலையிலேயே ஆடுவார்கள். அந்நாட்டில் இப்படிப்பட்ட திடல் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலைகளில் ஒருவர் அங்கே 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அவர்களில் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். வாரநாள் மாலைகளில் அவன் பந்தைத் தட்டிக்கொண்டே நான்கு பேருக்கு நடுவே புகுந்து போவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் கூடைக்குச் சில மீட்டர் முன்னால் இருக்கும் ‘ஃப்ரீ த்ரோ’ கோட்டுக்கு வெளியே அவன் கையில் பந்து வந்துவிட்டால் உடனே விசில் கேட்கும். கூடைக்குக் கீழே போய் நில், பந்து வந்தால் போடு, தட்டாதே. இதுதான் அவனுக்குக் கிடைத்த பயிற்சி. பயிற்சியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்தில் உள்ளூர்ப் போட்டித் தொடர், சட்டைக்குப் பணம் கொடுத்தவர் வந்து உட்காருவார், வெற்றி வேண்டும். உயரமானவன் கீழே நின்றால் வெற்றி கிடைத்தது. நான் ஊர் திரும்பும் நேரத்தில் மற்ற பையன்கள் வளர்ந்து அவன் உயரத்தை எட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பந்தைத் தட்டத் தெரிந்திருந்தது, இவனுக்கு மறந்துபோயிருந்தது. கடைசியாக அவனைப் பார்த்தபோது மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

பிலிப்பைன்ஸ் தேசிய அணியான ‘கிலாஸ் பிலிப்பினாஸ்’ தோற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவுக்கு வருகிறான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்நாட்டில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார்? பெயர் மாறினால் அணி மாறிவிடும் என்று மக்கள் மனதார நம்புகிறார்கள். தலைமைப் பயிற்சியாளரின் கைக்கு வருவதற்கு முந்தைய எட்டு, ஒன்பது ஆண்டுகளில், அதாவது 13 வயதிலிருந்து 22 வயதுவரை, ஒரு வீரனை யார் வளர்க்கிறார்கள், எத்தனை காலம் வளர்க்கிறார்கள் என்பதில்தான் இந்த அணியின் தலையெழுத்து இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மிகச் சிறந்த சான்று 2021. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2019இல் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில், யெங் கியாவ் பயிற்சியில் மூத்த தொழில்முறை வீரர்களைக் கொண்டு ஆடிய அணி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று 32 அணிகளில் கடைசி இடத்தைப் பிடித்தது. செர்பியாவுடனான ஆட்டத்தின் முடிவு 126–67. அந்த அவமானத்துக்குப் பிறகு முன்பு நியூசிலாந்து தேசிய அணியை வளர்த்தெடுத்த டேப் பால்ட்வினிடம் திட்டப் பொறுப்பு வந்தது. அவர் கல்லூரிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களையும் அப்போதுதான் கல்லூரி முடித்தவர்களையும் திரட்டினார். பெருந்தொற்றுக் காலத்தில் லகுனா மாகாணத்தின் கலம்பாவில் அவர்களை ஒரே கூரையின்கீழ் தங்கவைத்துப் பழக்கினார். அதுவரை பிலிப்பைன்ஸ் தேசிய அணி வீரர்கள் ஒரு தொடருக்கு முன் ஒன்றாக இருந்தது பெரும்பாலும் சில வாரங்கள்தான். இந்தப் பையன்களுக்கு மாதங்கள் கிடைத்தன.

2021 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் கிளார்க்கில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில், உள்நாட்டுத் தொழில்முறை லீகான பி.பி.ஏ.வின் நட்சத்திரங்கள் எவரும் இல்லாத அந்த அணி தென் கொரியாவை ஒரே வாரத்தில் இருமுறை வென்றது. முதல் ஆட்டத்தின் கடைசி நொடியில் எஸ்.ஜே. பெலாங்கெல் உடலைச் சாய்த்து எறிந்த பந்து பலகையில் பட்டு விழுந்து 81–78 என்று முடிந்ததைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். நான்கு நாள் கழித்து நடந்த இரண்டாவது ஆட்டம்தான் என்னை அசைத்தது. கொரியா தன் தவறுகளைத் திருத்திக்கொண்டு வந்தது. இவர்களும் திருத்திக்கொண்டு வந்து 82–77 என்று வென்றார்கள். அதிர்ஷ்டம் ஒருமுறை கைகொடுக்கலாம். எதிராளி தன் ஆட்டத்தை மாற்றும்போது தாமும் மாற்றிக்கொள்ளும் பக்குவம் பயிற்சியால் மட்டுமே வரும். அதே மாத இறுதியில் பெல்கிரேடில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் செர்பியாவிடம் அதன் சொந்த மண்ணில் 83–76 என்று தோற்றார்கள். 2019இல் மோதிய அணிகளின் ஆட்களும் இந்த ஆட்டத்தின் ஆட்களும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனாலும் 59 புள்ளி வித்தியாசம் 7 புள்ளியாகக் குறைந்ததை ஒதுக்கிவிட முடியாது. மறுநாள் டொமினிகன் குடியரசிடம் 94–67 என்று நொறுங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள் அப்படித்தான் ஆடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளும் பொறுமைக்குப் பெயர்தான் வீரர் வளர்ப்பு.

அந்தப் பொறுமை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 2022 தொடக்கத்தில் பால்ட்வின் போய் சோட் ரெயெஸ் மீண்டும் வந்தார். ஆட்டமுறை மாறியது, ஆட்கள் மாறினார்கள். அந்த மே மாதம் ஹனோயில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில், 1991 முதல் விடாமல் வென்றுவந்த தங்கத்தை இந்தோனேசியாவிடம் 85–81 என்று பறிகொடுத்தார்கள். ஜூலையில் ஜப்பானிடம் 102–81 என்று தோற்று, தோல்வியே காணாமல் தகுதி பெற்ற அதே ஆசியக் கோப்பையின் காலிறுதிக்குக்கூடப் போகாமல் திரும்பினார்கள். கிளார்க்கில் பந்தை எறிந்த பெலாங்கெல் அந்த ஆண்டே கொரியத் தொழில்முறை அணி ஒன்றில் சேர்ந்துவிட்டார். ஆர்.ஜே. அபாரியென்டோஸும் கொரியாவுக்குப் போய் முதல் பருவத்திலேயே அந்த லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார்.

இது முதல் முறை நடந்திருந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். 1980களில் ரான் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சாம்பாய் லிம், ஆலன் காய்டிக், ஹெக்டர் கல்மா போன்ற இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வைத்துப் பழக்கினார். அந்த அணி 1985இல் தைவானில் நடந்த ஜோன்ஸ் கோப்பையை வென்றது. 1986 ஜனவரியில் கோலாலம்பூரில் ஆசிய வாகையர் பட்டத்தையும் (இன்றைய ஆசியக் கோப்பை) வென்றது. அடுத்த மாதம் மக்கள் எழுச்சியில் மார்க்கோஸ் ஆட்சி கவிழ்ந்தது. அணிக்குப் படியளந்துவந்த எடுவார்டோ கோஹுவாங்கோ நாட்டைவிட்டு வெளியேறினார், திட்டமும் அவரோடு முடிந்தது. தகுதி பெற்றிருந்த உலகக் கோப்பைக்குக்கூட அவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை பிலிப்பைன்ஸ் ஆசிய வாகையர் பட்டத்தை வென்றதே இல்லை. இரண்டாவது முறை, செர்பியரான ராய்கோ டோரோமான் கல்லூரி வீரர்களை வைத்துத் தொடங்கிய திட்டம். 2011இல் வூஹானில் நடந்த ஆசிய வாகையர் போட்டியில் வெண்கலத்தை வெறும் இரண்டே புள்ளியில் கொரியாவிடம் தவறவிட்டது, அணி கலைக்கப்பட்டது. அடுத்து வந்த ரெயெஸ் தொழில்முறை வீரர்களைக் கொண்டு 2013இல் வெள்ளி வென்றதையும், 2014 உலகக் கோப்பையில் செனகலை வீழ்த்தி, உலகக் கோப்பையில் ஒரு வெற்றிக்கான நாற்பதாண்டுக் காத்திருப்பை முடித்ததையும் நான் மறக்கவில்லை. அந்த இரவுகளில் நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் மூன்று முறை இளம் அணி ஒன்று காய்க்கத் தொடங்கிய நேரத்தில் மரமே வெட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் விதையிலிருந்து தொடங்க நேர்ந்தது.

2023இல் நடந்தவை இந்த உண்மையை மறைத்துவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகஸ்டில் சொந்த மண்ணில் உலகக் கோப்பை. தொடக்க ஆட்டத்தைக் காண ஃபிலிப்பைன் அரீனாவில் 38,115 பேர் கூடினார்கள். முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. பயிற்சியாளரின் பெயரை அறிவித்ததும் சொந்த ரசிகர்களே எதிர்த்துக் கூச்சலிட்டார்கள். கடைசியில் சீனாவை 96–75 என்று வென்றதோடு ரெயெஸ் விலகினார். ஓரிரு வாரப் பயிற்சியோடு டிம் கோன் ஓர் அணியை ஆசிய விளையாட்டுக்காகச் சீனாவின் ஹாங்சோவுக்கு அழைத்துப் போனார். அரையிறுதியில் சீனாவிடம் 20 புள்ளி பின்தங்கியிருந்து 77–76 என்று மீண்டார்கள். இறுதியாட்டத்தில் ஜோர்டானை வீழ்த்தி 61 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றார்கள். அழகான வெற்றி அது. ஆனால் அதை வென்று கொடுத்தவர்கள் 35 வயது ஜஸ்டின் பிரவுன்லீ, 33 வயது ஜூன் மார் ஃபஹார்டோ, 36 வயது ஜாஃபெத் அகிலார் போன்றவர்கள். நல்ல பயிற்சியாளர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாடே முடிவு கட்டியது.

கோனின்மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஒன்பது வயதிலிருந்து அந்நாட்டிலேயே வளர்ந்தவர். ஆட்டத்துக்கு ஆட்டம் முப்பது பேரைக் கூப்பிட்டுக் கலைக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஏறக்குறைய பன்னிரண்டு பேரை நான்காண்டுச் சுழற்சிக்கென்று நிலையாக வைத்துக்கொண்டார்; அவர்களில் கய் சோட்டோ, ஏ.ஜே. எடு, கார்ல் தமாயோ, கெவின் கியாம்பாவ் போன்ற இளைஞர்களையும் சேர்த்தார். அதன் பலன் என்ன என்பதை 2024 நவம்பரில் நியூசிலாந்தை 93–89 என்று முதன்முறையாக வென்ற ஆட்டத்தில் பார்த்தோம். ஏழடி மூன்றங்குல சோட்டோ அன்று 19 புள்ளி எடுத்தார், கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளைப் பிடித்த ‘ரீபவுண்ட்’ 10. என் கண்ணில் ஒட்டிக்கொண்டது அவர் கொடுத்த 7 ‘அசிஸ்ட்’கள்தான், அதாவது மற்றவர் கூடையில் போட அவர் கொடுத்த பந்துகள். ஃப்ரீ த்ரோ கோட்டருகே, கூடைக்கு முதுகைக் காட்டி, பந்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். ட்வைட் ராமோஸோ கிறிஸ் நியூசமோ தன்னைத் தடுக்கும் எதிரணி வீரரைக் கழற்றிவிட்டு உள்ளே பாயும்வரை அவசரப்படாமல் காத்திருப்பார். சரியான கணத்தில் பந்து போய்ச் சேரும். அந்த உயரத்தில் இருக்கும் ஒருவரை வெறுமனே கூடைக்குக் கீழே நிறுத்திவைக்காமல், பார்க்கவும் முடிவெடுக்கவும் விட்டால் என்ன நடக்கும் என்பதை அன்று பார்த்தேன்.

அந்த சோட்டோ 17 வயதில் நாட்டைவிட்டு அமெரிக்காவுக்குப் போனவர், பிறகு ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று சுற்றியவர். போனதற்காக அவரைத் திட்டியவர்கள் ஏராளம். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? பிலிப்பைன்ஸில் திறமையுள்ள பையன் பல்கலைக்கழக லீகில் ஆடி, அங்கே ஆட அனுமதியுள்ள ஆண்டுகளை எல்லாம் தீர்த்துவிட்டு, பெரும்பாலும் 24, 25 வயதில்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வருகிறான். ஐரோப்பாவில் 19 வயதில் முப்பது வயதுக்காரர்களோடு மோதிப் பழகிவிடுகிறார்கள். பல்கலைக்கழக லீகின் ஆரவாரமும் அரங்கம் நிறைந்த கூட்டமும் உண்மையான சொத்துகளே, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பயிற்சியாளரின் வேலை அந்தப் பருவத்தின் பட்டத்தை வெல்வது. நாட்டுக்கு வீரனை வளர்ப்பது அவருக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை. லா சால் பல்கலைக்கழகத்தில் கியாம்பாவுக்கு நேர்ந்ததுபோல, உயரமானவனிடம் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொல்லும் பயிற்சியாளர் வாய்ப்பது பையனின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இன்று இளம் பிலிப்பைன்ஸ் வீரர்களைச் செதுக்குவதில் பெரும்பங்கு ஜப்பான், கொரிய லீகுகளுடையது என்பதே என் எண்ணம். தமாயோ 2025இல் சாங்வான் அணியோடு கொரிய லீக் பட்டத்தை வென்றார். அந்த ஓர் ஆண்டில் அவருடைய தடுப்பாட்டத்தில் வந்த ஒழுங்கை முன்பு நான் பார்த்ததில்லை.

2025 ஜனவரியில் சோட்டோவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒரே ஒரு பையன் விழுந்ததும் அணியின் நடுப்பகுதி திரும்பவும் ஃபஹார்டோ, அகிலாரின் தோளில் ஏறியது. ஆகஸ்டில் ஜித்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் அவர்களுக்கு வயது 35, 38, பிரவுன்லீக்கு 37. சைனீஸ் தைபேயிடமும் (தைவான்) நியூசிலாந்திடமும் தோற்று, காலிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 84–60 என்று வெளியேறினார்கள். கோனைத் தூக்குங்கள் என்ற குரல் மறுநாளே கிளம்பியது. பன்னிரண்டு பேருக்குள் கதவைச் சாத்திக்கொண்டது அவருடைய பிழை என்று நானும் நினைக்கிறேன். குவாம், ஹாங்காங் போன்ற அணிகளோடு ஆடும்போது இருபது வயதுப் பையன்கள் மூவருக்கு இருபது நிமிடம் கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சோட்டோவுக்கு அடுத்து இன்னொரு சோட்டோ இல்லாமற்போனதற்குக் கோன் பொறுப்பல்ல. அந்த இன்னொருவன் பத்தாண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு தகரக் கூரையின்கீழ், பந்தைத் தட்டாதே என்று சொல்லப்பட்டவன்.

நான் எதிர்பார்ப்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. 16 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளருக்குத் தொடருக்குத் தொடர் அழைப்பு விடுக்காமல் நான்கு ஆண்டு ஒப்பந்தமும் முழுநேரச் சம்பளமும் கொடுங்கள். அவர் கற்றுக்கொடுக்கும் ஆட்டமுறையின் அடிப்படை, மூத்தோர் அணியின் ஆட்டமுறையோடு பொருந்தட்டும்; 15 வயதில் கற்றதை 22 வயதில் மறக்கச் சொல்லாதீர்கள். மாகாணங்களில் சனிக்கிழமைதோறும் விசில் ஊதும் அந்தப் பெயர் தெரியாத பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முறையான வகுப்பு நடத்துங்கள். தலைமைப் பயிற்சியாளரை நாளையே மாற்ற நேர்ந்தாலும், கீழே இருக்கும் இந்த ஏற்பாட்டில் கை வைக்க மாட்டோம் என்று நாட்டின் கூடைப்பந்துச் சம்மேளனம் எழுதிக் கொடுக்கட்டும்.

அடுத்த உலகக் கோப்பை 2027இல் கத்தாரில். அதற்கான அணியை யார் பயிற்றுவிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால் கோனே தொடரட்டும் என்பேன். 2035க்கான அணி இப்போது யாரிடம் பயிற்சி பெறுகிறது என்ற கேள்வியை, அவரைத் தூக்கச் சொல்லிக் குரல் எழுப்புகிறவர்களில் ஒருவராவது கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.