எந்த ஊரு, எந்தத் தெரு?

திருநெல்வேலியில் தென்காசி பஸ் ஏறிப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காரும் இரண்டு பேர், ஆலங்குளம் வருவதற்குள் எப்படியும் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"எந்த ஊரு நீங்க?"

"சொரண்டை."

"சொரண்டைல யாரு? வாத்தியார் வீடு தெரியுமா? அவுக மருமவ எங்க சித்தி மவதான்."

"அட, அந்த மைனியா! எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான்."

இவ்வளவு போதும். அதற்கப்புறம் பையை அவரை நம்பி விட்டுவிட்டு டீ குடிக்க இறங்கலாம். பிள்ளைக்கு வரன் பார்க்கிற பேச்சுவரைக்கும்கூடப் போகும். நம் ஆட்களின் இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தெரியாத ஒருவரைத் தெரிந்தவராக ஆக்கிக்கொள்ளாமல் நம்மால் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார முடியாது. சமூக வலைப்பின்னல் என்றதும் இப்போது எல்லோரும் ஃபோனைக் காட்டுகிறார்கள். நம் பக்கத்தில் அது பஸ் சீட்டிலும் கொடை விழாவிலும் கல்யாணப் பந்தியிலும் எப்போதோ இருந்ததுதான்.

ஆனால் "எந்த ஊரு" என்பதற்குப் பிறகு இன்னொரு கேள்வி வரும். "எந்தத் தெரு?" நம் ஊர்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். கேட்பவருக்கும் அது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்துப் பேச்சு நீளும், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் முகம் திரும்பும். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே, எந்த ஊர் என்று கேட்டால் "பாளையங்கோட்டைங்க" என்று ஒரே வார்த்தையில் நிறுத்திக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். நம்மை ஒன்று சேர்க்கிற பேச்சுதான் நம்மைப் பிரிக்கவும் செய்கிறது. இது பல நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அம்மா பீடி சுற்றியவர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுவது வீட்டுத் திண்ணையில். சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிவருவது பீடிக்கடையில். திண்ணையில் கூட உட்காருபவர்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். அத்தை, மைனி, சித்தி என்று ஏதோ ஒரு முறை இருக்கும். பீடிக்கடை வரிசை அப்படி இல்லை. நாலு தெருவிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்கள் வருவார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, மேலே படிக்க வைக்கப் பணத்துக்கு என்ன செய்வது என்று வீட்டில் ஒரே யோசனை. திண்ணையில் இருந்தவர்கள் எங்களுக்காக உயிரைக்கூடக் கொடுப்பார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்களுக்கும் தெரிந்ததுதான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது என்பதைச் சொன்னவர், வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஒரு அக்கா. அம்மாவுக்கு அவர் பெயர் தெரியாது. "கீழத்தெரு அக்கா" என்றுதான் சொல்வார். அந்த அக்காவின் மகள் ஏற்கெனவே அந்தப் பணத்தில் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் படிவம், யாரிடம் கையெழுத்து, கடைசித் தேதி எப்போது எல்லாவற்றையும் வரிசை நகர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டார். எங்கள் வீட்டுக்குள் அவர் வந்ததில்லை. அவர் வீட்டுக்கு நாங்களும் போனதில்லை. நான் இன்று ஒரு வேலையில் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

பின்னாளில் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தபோது அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் அவர் போய்க் கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தது என்றவர்களிடம், அந்த ஆளை நீங்கள் எவ்வளவு பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 100க்கு 17 பேர்தான். 55 பேருக்கு மேல் எப்போதாவது பார்ப்பேன் என்றார்கள். மீதிப் பேர் அபூர்வமாகத்தான் பார்ப்பேன் என்றார்கள். 1973இல் அவர் எழுதிய கட்டுரை சொல்வது இதுதான்: நெருக்கமானவர்கள் நாம் புழங்கும் வட்டத்திலேயே புழங்குவதால் நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும். புதுச் செய்தி வெளி வட்டத்திலிருந்துதான் வரும், அதைக் கொண்டுவருவது அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள்தான்.

சரி, அந்த அரைகுறைப் பழக்கம் யாருக்கும் யாருக்கும் நடுவில் வருகிறது? இதில்தான் நம் சிக்கல் இருக்கிறது.

ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளரின் கடிதப் பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருவருக்குப் போக வேண்டிய கடிதத்தைத் தனக்குத் தெரிந்த ஒருவர் கையில் கொடுக்க வேண்டும், அவர் தனக்குத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும், இப்படியே போய்ச் சேர வேண்டும். 1969இல் வெளியான அதன் முழு விவரத்தில், 296 பேரிடம் தொடங்கியவற்றில் போய்ச் சேர்ந்தவை 64. சேர்ந்தவை சராசரியாக ஐந்து கை மாறிச் சேர்ந்தன. உலகம் சின்னது என்ற பேச்சு இப்படித்தான் பரவியது. இதற்கு அடுத்து 1970இல் கோர்ட் என்பவரும் மில்கிராமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த வெள்ளையர்களிடம் கடிதத்தைக் கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பச் சொன்னார்கள். பெற வேண்டியவர்களில் பாதிப் பேர் வெள்ளையர், பாதிப் பேர் கறுப்பினத்தவர். வெள்ளையருக்கான கடிதங்களில் 100க்கு 33 போய்ச் சேர்ந்தன. கறுப்பினத்தவருக்கானவை 13தான் சேர்ந்தன. தூரம் ஒன்றுதான், தபாலும் ஒன்றுதான். நிறம் மாறுகிற இடத்தில் கை மாறவில்லை.

இதை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். சிகாகோவில் இருக்கும் அத்தை மகனுக்கு ஒரே மெசேஜில் சேதி போய்விடும். மேலத்தெருவிலிருந்து காலனிக்கு 300 மீட்டர்கூட இருக்காது. ஒரு நல்ல வேலைச் செய்தி, ஒரு நல்ல டாக்டரின் பெயர், ஒரு உதவித்தொகைப் படிவம் அந்த 300 மீட்டரைக் கடக்க எத்தனை கை வேண்டும்? பல நேரம் கடக்கவே கடக்காது.

சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிடுவதை நான் குறை சொல்லவில்லை. நம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போன ஒரு அண்ணாச்சி, மளிகைக்கடை வைத்து ஊர்ப் பையன்களைக் கூட்டிப்போய்த் தொழில் பழக்கி, அவர்களுக்கும் கடை போட்டுக்கொடுத்து எத்தனை குடும்பங்களை நிமிர்த்தியிருக்கிறார். மும்பை தாராவியில் நம் மாவட்டத்துக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க் குடியேறியதும் அப்படித்தான். வெளிக்கதவுகள் மூடியிருந்தபோது தங்களுக்குள் சேர்ந்து எழுந்தவர்களும் உண்டு. தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி அப்படி உருவானதுதான். அதே வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்கள் சேர்ந்து நிற்பதும், வசதியாக இருப்பவர்கள் வெளியாளை உள்ளே விடாமல் சேர்ந்து நிற்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

இப்போது வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். பஸ் சீட்டில் "எந்தத் தெரு" என்று கேட்கவாவது ஒரு தயக்கம் இருந்தது. குரூப்பில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, சேர்க்கும்போதே அந்தத் தெருக்காரர்களை மட்டும்தான் சேர்க்கிறார்கள். ஊர்ப் பெயரில் இருக்கும் குரூப்பைத் திறந்து உறுப்பினர்களைப் பாருங்கள். பாதி ஊர் அதில் இருக்காது. பெரியவர்களாவது கல்யாணப் பத்திரிகை, துக்கச் செய்தி என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் வைக்கிற ஸ்டேட்டஸைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அரிவாள் படம், தலைவர் படம், தன் சாதிப் பாட்டு. இன்ன சாதி என்று காட்டக் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் இப்போது ஃபோனிலும் வந்துவிட்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதைக் கேள்விப்பட்ட பிறகு அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில், தினமும் ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்தவர்கள் இவர்கள். கூட இருந்தால் பழக்கம் வந்துவிடும் என்கிறோமே, ஏன் வரவில்லை?

அதே ஆண்டு டிசம்பரில் வேறொன்றும் நடந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். செல்போனும் கைகொடுக்காத நேரத்தில், தங்கள் ஊரே வெள்ளத்தில் தவிக்கும்போது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். மனசு நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளம் வடிந்ததும் அவரவர் தெருவுக்குத்தான் திரும்புகிறோம். ஒரு நாள் பாசம் பழக்கமாக ஆவதற்கு, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். பல ஊர், பல சாதிக்காரர்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். அங்கே இருக்கிற பட்டவராயன் சாமிக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொடுக்கிற கோயில் அது. பக்கத்துக் குடிலில் தீப்பெட்டி கேட்பதில் தொடங்கி, கிளம்பும்போது ஃபோன் நம்பர் வாங்குவதில் முடியும். யாரும் பாடம் நடத்தவில்லை, குடில் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதை மேடி சீகல் என்பவரின் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் போலீஸ் பயிற்சிப் பள்ளியில், பயிற்சிக்கு வந்தவர்களை வகுப்பிலும் தங்கும் அறையிலும் குடும்பப் பெயரின் எழுத்து வரிசைப்படி வைத்திருந்தார்கள். உங்கள் நெருங்கிய நண்பர்கள் யார் என்று அவர்களிடமே கேட்டபோது, பெயர் வரிசையில் பக்கத்தில் இருந்தவர்களைத்தான் அதிகம் சொன்னார்கள். மதமும் வயதும் பொழுதுபோக்கும் அந்த அளவுக்கு முக்கியமாக இல்லை. 1974இல் வெளியான ஆய்வு இது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்ற பரிந்துரை பற்றித்தான் டிவியில் சண்டை போட்டார்கள். அதே அறிக்கையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கயிற்றை அறுத்தால் பையன் வேறு அடையாளத்தைத் தேடிக்கொள்வான். பக்கத்தில் உட்காருகிறவன் வேறு தெருக்காரனாக இருந்தால், ரப்பர் கேட்கவும் கணக்குப் பார்த்து எழுதவும் சோற்று டப்பாவைத் திறக்கவும் அவனிடம்தான் திரும்ப வேண்டும்.

நம் பக்கத்துப் பெயர்களும் இதற்குத் தோதாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டுவதை விட்டுவிட்டோம், இனிஷியல் மட்டும்தான். இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜா எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அகரவரிசை போட்டால் நாலு தெரு இசக்கிகளும் ஒரே பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது பெரும்பாலும் நடப்பது என்ன? முதல் நாள் ஒரே பஸ்ஸில் வந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பஸ் என்றால் ஊர், ஊர் என்றால் தெரு. வருஷம் முழுக்க அப்படியே போகிறது. மாற்றினால் பெற்றோர் வந்து சத்தம் போடுவார்கள் என்று ஒரு ஆசிரியை என்னிடம் சொன்னார். போடுவார்கள்தான். அந்தச் சத்தத்தைத் தாங்குகிற பொறுப்பை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டக்கூடாது, பெற்றோராகிய நாமும் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

என் மகன் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே அகரவரிசையில் உட்காரவைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். உங்கள் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், அந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று இன்றைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்கள் யாராவது வகுப்பில் இப்படி மாற்றிப் பார்த்திருந்தால், பெற்றோரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோகிறேன்.