பதினொரு மாதக் குழந்தையோடு உம்ரா

கைக்குழந்தையோடு உம்ரா (ஹஜ் அல்லாத மக்கா புனிதப் பயணம்) வேண்டாம், ஐந்து வயதாகட்டும் என்கிறீர்கள். எனக்குப் பாதிதான் சம்மதம். பதினொரு மாத மகளோடு போய் வந்தோம். சேர்ந்தே செய்வோம் என்று அடம்பிடிக்காமல், கணவர் தவாஃப், அதாவது கஅபாவைச் சுற்றி வருவதை, முடிக்கும்வரை நான் அறையில் இருந்தேன், அப்புறம் நான் போனேன். ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு இடையே ஏழு நடை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் வரும்; பிள்ளையை இடுப்பில் வைத்து நடந்தால் முதுகு போய்விடும்! இதற்கும் ஹஜ் உண்டா என்று குழந்தையைத் தூக்கிக் காட்டிய பெண்ணிடம், உண்டு, உனக்கும் நற்கூலி உண்டு என்றார்கள் நபி (ஸல்). ஆனால் சிறுவயதில் செய்யும் ஹஜ் கடமையான ஹஜ்ஜில் சேராது, பெரியவளானதும் அவளே போக வேண்டும். ஹஜ் சமயத்துக் கூட்டம் வேறு கதை. 2025இல் சவுதி அரசே குழந்தைகளை அழைத்து வரத் தடை போட்டது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.