சார்ஜ் விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள்
"டேஷ்போர்டில் இருக்கிற எல்லா பல்பையும் கழற்றி எல்இடி போடலாம், ஒன்றும் ஆகாது" என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. மீட்டருக்கு வெளிச்சம் தரும் டி10 எனும் சின்னச் செருகு பல்புகளுக்குப் பதிலாகத் தாராளமாக எல்இடி போடலாம். எரியவில்லையா, திருப்பிச் செருகுங்கள், எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. ஆனால் பேட்டரி படம் போட்ட சார்ஜ் விளக்கு வேறு கதை. பழைய கார்கள் பலவற்றில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) முதலில் எழுப்பிவிடுகிறது, எல்இடி இழுப்பதோ அதில் கொஞ்சம்தான், அதனால் ஸ்டார்ட் செய்தபிறகு நன்றாக ரேஸ் கொடுக்கும்வரை சார்ஜே ஏறாமல் போகலாம். போட்டே ஆகணும் என்றால் தகுந்த ரெசிஸ்டர் ஒன்றை அந்த எல்இடிக்கு இணையாக (பேரலலாக) சேருங்கள். அப்புறம், இடம் வலம் இரண்டுக்கும் மீட்டரில் ஒரே இண்டிகேட்டர் பல்பு உள்ள பைக்குகளில், அதே பிளஸ் மைனஸ் காரணத்தால், சாதாரண எல்இடி ஒரு பக்கத்துக்குத்தான் மின்னும்.