நடப்பவர் மீதும் வெளிச்சம் விழ வேண்டும்

சிங்கப்பூரில் இருட்டுச் சாலையா என்று வியப்பவர்கள், கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணைகளுக்கும் பட்டறைகளுக்கும் பிரிந்து செல்லும் உட்சாலைகளில் ஒருமுறை இரவில் நடந்து பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் பலவும் ஊரின் ஓரங்களில் இருப்பதால், அத்தகைய சாலைகளில் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடந்து போகிறவர்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் தம்பிகளும் இருக்கிறார்கள். 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்த இந்தத் தீவில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழு மணி ஆகிவிடுகிறது. ஆகவே, அதிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவருக்கும் அது இரவுதான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதன் பிறகு வண்டி நிற்க, உலர்ந்த சாலையிலேயே அதே அளவு தூரம் வேண்டும். கறுப்புச் சட்டை அணிந்தவர் முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியில் தென்படுவதும் கிட்டத்தட்ட இந்த இரண்டும் சேர்ந்த தூரத்தில்தான். மழை பெய்தால் கணக்கு முற்றிலும் தவறிவிடும். இரவு 7 முதல் காலை 7 வரை முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் அவசியமானதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

விளக்குக் கம்பம் இருக்கும் சாலைகளிலும் ஒரு குறை உண்டு. விளக்கின் ஒளி வண்டிகள் ஓடும் தடத்தில் விழுகிறது. நடைபாதையோ, தூங்குமூஞ்சி மரங்களின் அடர்ந்த கிளைகளுக்குக் கீழே நிழலில் கிடக்கிறது. மரங்களை வெட்டச் சொல்லவில்லை. அவை நமக்கு வேண்டும். கிளைகளுக்குக் கீழே, நடைபாதையை நோக்கித் தாழ்வான விளக்குகளை வைத்தால் போதும்.

ஊழியர்கள்தாம் ஒளிர்ச்சட்டை அணிகிறார்களே என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சட்டையின் பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் பகல் வெளிச்சத்துக்கானவை. இரவில் முகப்பு விளக்கின் ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புவது, நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த வெள்ளிப் பட்டைதான். பலமுறை துவைத்து, சிமெண்டுத் தூசி ஏறி, சாம்பல் நிறமாகிவிட்ட பட்டைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். போதாததற்கு, முதுகில் மாட்டிய பை அதையும் மூடிவிடுகிறது. கணுக்காலில் கட்டும் பிரதிபலிப்புப் பட்டை இதைவிட நன்றாகப் பயன்படும், ஏனெனில் மேலும் கீழும் அசையும் இரண்டு ஒளிப்புள்ளிகளைக் கண்டதும் அது நடக்கும் மனிதர் என்பதை ஓட்டுநர் உடனே உணர்ந்துகொள்கிறார். பின்லாந்தில் இருட்டில் நடப்பவர் பிரதிபலிப்பான் அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி, அதாவது இங்கே வலப்பக்கமாக நடக்க வேண்டும் என்பதைப் புதிதாக வரும் ஊழியருக்கு முதல் வாரத்திலேயே தமிழில் சொல்லித்தர வேண்டும். ஆனால் பொறுப்பு முழுவதையும் நடப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. மங்கிப்போன சட்டையை மாற்றித் தருவதும் கணுக்கால் பட்டை வாங்கித் தருவதும் முதலாளிகளின் கடமை. முதியோர் நடமாடும் பகுதிகளில் சில்வர் ஸோன் அமைத்து வேகத்தைக் குறைத்த நிலப் போக்குவரத்து ஆணையம், விடுதி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள சாலைகளிலும் அதே அக்கறையுடன் வேகத்தைக் குறைத்து, நடைபாதையும் விளக்கும் அமைக்க வேண்டும்.