போட்டோவுல தொங்குற அம்மாவுக்குப் பேரே கிடையாதா?

ராத்திரி எட்டு மணி. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை அரிஞ்சிக்கிட்டே டிவியைப் பார்த்ததுல கட்டை விரல்ல முள்ளு ஏறிடுச்சு. அந்த எரிச்சல்கூடப் பரவாயில்ல, இந்த சீரியல் எரிச்சல் இருக்கே!

முதல் வாரத்துலயே கதையில வர்ற புள்ளையோட அம்மாவை மாடிப்படியில உருட்டிக் கொன்னாச்சு. அதுலேருந்து சுவத்துல போட்டோ, சந்தன மாலை, சிவப்பு பல்பு. சித்தி அடிச்சா போட்டோ. ஃபீஸ் கட்டலைன்னா போட்டோ. பல்பு அணைஞ்சா விளம்பர இடைவேளை! அந்தப் புள்ளையோட வாழ்க்கை மொத்தமும் அந்த அம்மாவோட சாவைச் சுத்தியே ஓடுது. ஆனா அவ என்ன படிச்சா, யார்கூட சண்டை போட்டா, ஒரு மண்ணும் தெரியாது.

"அந்தம்மா பேரு இன்னா அத்த?"

"எந்தம்மா?"

"செத்துப்போன அம்மா."

"அதான் செத்துப்பூட்சே, பேரு எதுக்கு மா?"

பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. அத்தையும் அதைக் கேட்டு வளர்ந்தவங்கதான். அதுல நகுலன், சகாதேவனைப் பெத்த மாத்ரி வர்றது கொஞ்ச நேரம். பாண்டுவோட சிதையில ஏறினதோட சரி. ஆனா அவளுக்குப் பேரு இருக்கு, மத்ர நாடுன்னு பொறந்த ஊரு இருக்கு, சல்லியன்னு அண்ணன் இருக்கான் (விருந்துல ஏமாந்து துரியோதனன் பக்கம் போன தாய்மாமன். அது தனிக் குமுறல்). தருமனோட தம்பிங்க நாலு பேரும் நச்சுப்பொய்கைக் கரையில செத்துக் கிடக்க, ஒருத்தனை எழுப்புறேன்னு யட்சன் சொல்றான். வியாசர் கதையில தருமன் கேட்டது பீமனையும் இல்ல, அர்ச்சுனனையும் இல்ல, நகுலனை. குந்திக்கு நான் இருக்கேன், மாத்ரிக்கும் ஒரு புள்ள இருக்கட்டும்னு. செத்து எத்தனையோ வருஷமான பொம்பளைக்கு அங்க ஒரு பங்கு ஒதுக்குறான்யா!

நேத்து சீரியல்ல அந்தப் புள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. இன்னிக்காவது தெரிஞ்சிடும்னு கரண்டியோட எழுந்து டிவிகிட்டயே போய் நின்னேன். சித்தி கையில பத்திரிகை. அப்பா பேரு கொட்டை எழுத்துல இருக்கு. பக்கத்துல 'தெய்வத்திருமதி'ன்னு அச்சாகியிருக்கு. அதுக்கு அடுத்து, பேரு இருக்க வேண்டிய இடத்துல, சித்தியோட கட்டை விரல்.