லீவில் ஒரு புத்தகம் படித்தால் யாருக்கு என்ன நட்டம்?

நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் என்னிடம் ஒரு வேலை இருப்பது ஞாபகம் வந்துவிடுகிறது.

நமக்குக் கோடை விடுமுறை எல்லாம் கிடையாது. வருடம் முழுக்க வெயில்தான், நடுநடுவே மழை. நிம்மதியாக உட்காரக் கிடைப்பது ஆண்டிறுதி விடுமுறை ஒன்றுதான். முன்பு நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். இப்போது டிசம்பரில்தான் மணி அடிக்கிறார்கள், பெருமூச்சு விடுவதற்குள் ஜனவரியில் பள்ளி திறந்துவிடுகிறது. இந்த இடைவெளிக்காக வருடம் பூராவும் புத்தகம் சேர்த்து வைக்கிறேன். அதுவும் பக்கத்துக் கடையிலா கிடைக்கிறது? கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் போகும்போது வாங்கியது, தமிழ்நாட்டிலிருந்து புத்தக விலைக்குச் சமமாகத் தபால் செலவு கொடுத்து வரவழைத்தது என்று அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். இந்த லீவில் படித்தே தீர வேண்டும் என்று பட்டியலும் போட்டாயிற்று.

பட்டியலில் முதலாவது, சயாம் மரண ரயில் பற்றியது. 1942-43இல் ஜப்பான்காரன் இங்கே ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போய், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட வைத்தானே, அந்தக் கதை. போன நம் ஆட்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. இந்த மாதிரி விஷயத்தை மனம் ஒன்றிப் படிக்க வேண்டாமா? இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் கேட்டில் சத்தம். “டீச்சர், வீட்லதான இருக்கீங்க? பாப்பாவக் கொஞ்சம் பாத்துக்குங்க, பசார் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்.” பசாருக்குப் போனவர் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஆளைக் காணோம். என் கதையில் வருகிறவர்கள் இன்னும் பாதை தொடங்குகிற பான்போங்கைத் தாண்டவில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வேறு கவலை. “ஏம்மா, லீவுலயும் படிப்பா? பரீட்சையா எழுதப் போற?” சொல்லிவிட்டு, கையில் முருங்கைக்கீரைக் கட்டைக் கொடுப்பார். நாத்தனார் பிள்ளைகள் லீவு கழிக்க வருவது நம் வீட்டுக்குத்தான். ‘அத்தை டீச்சர்தானே, அப்படியே பாடமும் சொல்லிக் கொடுப்பாங்க’ என்று வேறு அனுப்பி வைக்கிறார்கள். சம்பளம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். டிசம்பர் கல்யாணங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ராத்திரியாவது படிக்கலாம் என்றால், பின் வீட்டில் கராவோக்கே. பாடுகிறவருக்குச் சுருதி சேர்வதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

எரிச்சல் எங்கே என்றால், இதே வீட்டில் என் கணவர் டிவியில் கால்பந்து பார்க்க உட்கார்ந்தால் பூனைகூடக் குறுக்கே நடக்காது. “ஷ்ஷ், பந்து பாக்குறாரு” என்று அத்தையே பிள்ளைகளை அடக்குவார். தொண்ணூறு நிமிடம் ஒரு மனிதர் நாற்காலியை விட்டு நகராமல் இருந்தால் அது ஓய்வாம். நான் அரை மணி நேரம் புத்தகத்தோடு இருந்தால் வேலைவெட்டி இல்லாதவளாம்! இது என்ன நியாயம்?

பள்ளியில் பார்த்தால் கதையே வேறு. 1999 முதல் நிலாம் என்ற வாசிப்புத் திட்டம் நடக்கிறது. ‘என்ன புத்தகம் படிச்சே, பதிவு பண்ணியா’ என்று பிள்ளைகளை வருடம் முழுக்க விரட்டுகிறவளே நான்தான். விரட்டுகிற டீச்சர் படிக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையில் போட்டிருக்கிறது? வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரை காட்டலாம், புத்தகம் வாங்கிய செலவும் அதில் சேரும். வரி வாங்குகிற அரசாங்கமே படிப்பை ஒரு பொருட்டாக மதிக்கிறது, என் தெருக்காரர்களுக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. (கைப்பேசியும் இணையக் கட்டணமும் அதே கழிவில்தான் வருகின்றன. படிக்கவிடாத சாமானுக்கும் சேர்த்துச் சலுகை!)

சரி, இனி கெஞ்சுவதாக இல்லை. வருகிற திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு, காரை எடுத்து ஈப்போவுக்குக் கிளம்புகிறேன். ஏதாவது ஒரு காப்பிக்கடையில் மின்விசிறிக்குக் கீழே சாயங்காலம் வரை உட்காரப் போகிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டால், ‘கூர்சுஸ்’, அதாவது பயிற்சி வகுப்பு, என்பேன். அதற்கு மட்டும் இந்த ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை, சாப்பாடுகூடக் கட்டிக் கொடுப்பார்கள்.