மூன்று வார ஊருக்கு மூன்று மணி நேர டூர்

செக் நாட்டில் வைத்திய வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கார்லோவி வாரிக்கு ‘முழு நாள் சுற்றுலா’ என்று கூவிக் கூவி விற்கிறார்களே, அந்த முழு நாள் யாருடைய நாள் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். காசு கொடுத்தவனுடைய நாளா, கண்ணாடிக் கடைக்காரனுடைய நாளா? எங்கள் குடும்பத்தோடு போய்விட்டு வந்து வாரக்கணக்காகிறது, இன்னும் வயிறு எரிகிறது. அந்த ஊர்த் தண்ணீர் எரிச்சலைத் தணிக்கும் என்கிறார்கள். தணியுமளவுக்குக் குடிக்க விட்டால்தானே!

செக் நாட்டின் தலைநகர் பிராக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நல்ல சாலை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் ‘ஹோட்டல் வாசலிலிருந்தே பிக்கப்’ என்று ஒரு சலுகை தருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் திருட்டு ஆரம்பிக்கிறது. விடிந்ததும் ஒரு சின்ன வேன் வரும். உங்களை ஏற்றிக்கொண்டு ஊரிலுள்ள ஹோட்டல் வாசல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கடைசியில் உங்கள் ஹோட்டலிலிருந்து நடந்தே போயிருக்கக்கூடிய ஒரு சதுக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அங்கே இன்னொரு வரிசை, இன்னொரு பெரிய பஸ். தூங்கி எழுந்து வராத நாலு பேருக்காக அந்த பஸ் நிற்கும். நேரத்துக்கு வந்தவன் எல்லாம் இளிச்சவாயன்.

அப்புறம் கைடு. நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஆள் இரண்டு மொழியில் பேச வேண்டும் என்று அவர் தலையில் கட்டியது யார்? ஆங்கிலத்தில் ஒரு வரி, ஸ்பானிஷில் அதே வரி. நான்காம் சார்லஸ் மன்னர் வேட்டைக்குப் போன கதையை எடுத்தார். மானைத் துரத்திய வேட்டை நாய் வெந்நீர்ச் சுனையில் விழுந்து அலறியதாம், அப்படித்தான் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டதாம். அந்த நாய் ஆங்கிலத்தில் ஒருமுறை வெந்தது, ஸ்பானிஷில் ஒருமுறை வெந்தது. கதை கதையாகவே இருக்கட்டும். அந்த மன்னர் 1370இல் ஊருக்கு நகர உரிமை கொடுத்தது வரலாறு. அதை அரை வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஏனென்றால் கழிப்பறைக்காக பெட்ரோல் பங்க் வந்துவிட்டது.

பெட்ரோல் பங்க் முடிந்ததும் ஊர் வரும் என்று நினைத்தோம். வரவில்லை. கண்ணாடிப் பொருள் கடை ஒன்று வந்தது. ‘கைவினைக் கலையைக் காணும் அரிய வாய்ப்பு’ என்று நிரலில் போட்டிருந்தார்கள். ஒருவர் குழாயை வாயில் வைத்து ஒரு குமிழை ஊதிக் காட்டினார், அது இரண்டு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் விலைச்சீட்டு தொங்கும் அலமாரிகளுக்கு நடுவில். வெளியே போகும் வழி பில் போடும் மேஜையைத் தாண்டித்தான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏண்டா, தண்ணி குடிக்க வந்தோமா, டம்ளர் வாங்க வந்தோமா?” என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. தமிழ் தெரியாத கைடும் புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

ஊருக்குள் கால் வைக்கும்போது மதியம் ஆகிவிட்டது. பஸ்ஸும் ஊற்றுப் பக்கம் வராது, எங்கோ கீழே இறக்கிவிட்டு நடக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. ‘எல்லா வயதினருக்கும் ஏற்றது’ என்று எழுதியவரை அந்தக் கல் பாவிய தெருவில் மேலும் கீழும் நடக்கவிட வேண்டும்.

இதில் என்ன கொடுமை என்றால், அவசரமாகப் பார்க்கவே கூடாத ஊர் ஒன்று இருக்குமானால் அது இதுதான். முதலில் இங்கே வந்தவர்கள் வெந்நீரில் ஊறிக் கிடக்கத்தான் வந்தார்கள். 1522இல் பயர் என்ற மருத்துவர் இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் செய்யுங்கள் என்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் பெஹர் என்ற இன்னொரு மருத்துவர் முறையையே மாற்றினார்: குளியல், குடிநீர், நடை மூன்றும் சேர்ந்ததுதான் வைத்தியம் என்றார். காலையில் வெறும் வயிற்றில், மருத்துவர் சொன்ன ஊற்றில், சொன்ன அளவு தண்ணீரைப் பிடித்து, சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம் என்பதுதான் பழைய கணக்கு.

அந்தப் பெரிய பெரிய தூண் மண்டபங்கள் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? செல்ஃபிக்கா? மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நோயாளி கையில் குவளையோடு நடந்துகொண்டே இருப்பதற்கு. மில் மண்டபம் 1871இல் தொடங்கி 1881இல் முடிந்தது. பிராக் தேசிய நாடக அரங்கைக் கட்டிய அதே யோசெப் ஸீடெக் வடிவமைத்தது. 132 மீட்டர் நீளம், 124 தூண்கள், உள்ளே ஐந்து ஊற்றுகள். அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நடந்தால்தான் அந்தக் கட்டடத்துக்கே அர்த்தம். எங்களை அதன் நடுவில் நிறுத்தி, குடையைத் தூக்கிப் பிடித்து, “ஃபோட்டோ எடுக்க பத்து நிமிஷம்” என்றார்கள். கோயில் வாசல் வரை கூட்டிப்போய், செருப்பு விடுகிற இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவதற்கு என்ன பெயரோ, இதற்கும் அதே பெயர்தான்.

அங்கே ஒரு பாட்டியைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோட்டு, கையில் பழைய பீங்கான் குவளை. அந்த ஊர்க் குவளையே தனி. கைப்பிடி உள்ளே குழாயாக இருக்கும், அதன் நுனியில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். சூடும் தணியும், தாதுத் தண்ணீர் பல்லிலும் அதிகம் படாது. பாட்டி ஊற்றில் குவளையைப் பிடித்தார், புறங்கையால் சூடு பார்த்தார், ஒரு வாய் உறிஞ்சினார், நாலு தூண் நடந்தார், மறுபடி ஒரு வாய். எங்கள் கூட்டம் ஊற்றை மறித்துக்கொண்டு நின்றதால் அடுத்த சுற்றுக்கு வந்தவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அது மருந்து. எங்கள் ஆட்களுக்கு அது விளையாட்டு: ஒரே மூச்சில் குடித்து, “உப்புக் கரிக்குது, துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு” என்று முகம் சுளித்து, அதையும் வீடியோ எடுத்து, அடுத்த ஊற்று எது என்று ஓட்டம். ஊற்றுகளுக்கு நம்பர் போட்டிருப்பதால் எல்லா நம்பரையும் முடித்தால் பரிசு கிடைக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

அவர்களைச் சொல்லி என்ன பயன்? இந்தத் தண்ணீரில் இருப்பவற்றில் முக்கியமான ஒன்று சோடியம் சல்ஃபேட். இதே தண்ணீரிலிருந்து எடுத்த கார்ல்ஸ்பாட் (கார்லோவி வாரியின் ஜெர்மன் பெயர்) உப்பை அந்தக் காலத்தில் உலகம் முழுக்க விற்றது எதற்கு? பேதிக்கு! வயிற்றைச் சுத்தம் செய்வதற்கு! இந்த ஒரு தகவலை ஆங்கிலத்திலோ ஸ்பானிஷிலோ எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாயின் கதைக்கு நேரம் இருந்தது, இதற்கு இல்லை. ஐம்பது பேருக்குப் பேதி மருந்தைக் கணக்கில்லாமல் குடிக்க விட்டு, உடனே கொழுப்பான மதிய உணவு போட்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைக்கிற திட்டத்தைத் தீட்டிய மூளை எது? திரும்பி வருகிற வழியில் என்ன நடந்தது என்று நான் விவரிக்கப் போவதில்லை. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று கெஞ்சியவர்கள் வரிசையில் ஸ்பெயின்காரரும் இருந்தார், நம்மவரும் இருந்தார். பங்க் கழிப்பறைக்குச் செக் கொருனா சில்லறை வேண்டும், கையில் இருந்ததோ யூரோ நோட்டு.

வ்ரிட்லோ என்று ஒரு ஊற்று இருக்கிறது, இந்த ஊருக்கே உயிர் அதுதான். 73 டிகிரி சூட்டில், 12 மீட்டர் உயரம் வரை பீறிட்டு அடிக்கிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர். தரையே மூச்சு விடுவது போல விட்டு விட்டு எழும்புகிறது. அதன் முன்னால் அரை மணி நேரம் சும்மா நின்றாலே போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றும். அந்தத் தண்ணீரிலுள்ள தாது படிந்து, காகித ரோஜாக்கள் கல் ரோஜாவாக மாறுகின்றன. அப்பா அதைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும்போதே காதில் மாட்டிய கருவியில் “லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ” என்று குரல். அந்தக் கருவியைக் கழற்றி வீசத் தோன்றியது. முன்பணம் வாங்கி வைத்திருந்தார்கள்.

அப்பா இந்த ஊருக்கு வர ஆசைப்பட்டதற்குக் காரணமே வேறு. நேதாஜி இங்கே தங்கியிருக்கிறார். 1935இல் வியன்னாவில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து, உடம்பு தேற கார்ல்ஸ்பாட் வந்தார். சின்ன வயதிலிருந்தே அப்பா மனதில் பதிந்த பெயர் அந்த கார்ல்ஸ்பாட்தான். எந்தத் தெரு, எந்த விடுதி, இப்போது என்னவாக இருக்கிறது என்று கைடிடம் கேட்டார். “கோத்தே பதின்மூன்று முறை வந்திருக்கிறார் சார், பீத்தோவன் வந்திருக்கிறார், கார்ல் மார்க்ஸ் வந்திருக்கிறார், இதோ சாக்லேட் கடை” என்று ஒரே மூச்சில் பதில். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். மார்க்ஸ் ஈரல் கோளாறுக்காக 1874, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து இங்கே வந்து இந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார், சிலைகூட இருக்கிறது. போகலாமா என்றால், அது நிரலில் இல்லையாம்.

நிரலில் என்னதான் இருந்தது? ‘ஃப்ரீ டைம்’. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். வழிகாட்ட வேண்டியவர் வழிகாட்டாமல் நழுவுகிற நேரத்துக்கு அப்படி ஒரு பெயர். ‘இங்கே ஓப்லாட்கி வாங்கலாம், அங்கே மூலிகை மது ருசிக்கலாம், என் பெயரைச் சொன்னால் தள்ளுபடி உண்டு’ என்று மூன்று கடைக்குக் கை காட்டிவிட்டு ஆள் காணாமல் போய்விட்டார். ஓப்லாட்கி என்பது தட்டு அகலத்துக்கு மெல்லிய மொறுமொறு வேஃபர், நடுவில் இனிப்புப் பொடி. சுடச்சுட வாங்கினால் அருமையாக இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சொல்லாமல் விட்டதுதான் ஆத்திரம். இந்த ஊரில் 1945 வரை பெரும்பாலும் ஜெர்மன் பேசுகிறவர்கள்தான் இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினார்கள். ஊர் அப்படியே நிற்கிறது, கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இல்லை. வ்ரிட்லோ மேலே இருக்கும் 1975ஆம் வருடத்துக் கண்ணாடியும் கான்கிரீட்டுமான மண்டபத்துக்கு ஒரு காலத்தில் விண்வெளிக்கு முதலில் போன சோவியத் வீரர் யூரி ககாரின் பெயர். இவ்வளவும் அந்தச் சின்ன டெப்லா ஆற்றங்கரையில் நடந்தே பார்த்துவிடலாம், யாராவது சொன்னால். 2021இல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் பெரிய ஸ்பா நகரங்கள் என்று ஏழு நாடுகளில் பதினொரு ஊர்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே இந்த மொத்த வாழ்க்கைமுறைக்காகத்தான். பஸ்ஸின் மேல் அந்த முத்திரையை ஒட்டிக்கொள்ள மட்டும் இவர்களுக்குத் தெரிகிறது.

மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். சைவம் என்று முன்பதிவில் எழுதியிருந்தோம். உருளைக்கிழங்கு வந்தது.

‘ஒரு நாள்தானே இருக்கு, வேற என்ன செய்வது’ என்று கேட்பீர்கள். பிராக்கின் ஃப்ளோரென்ஸ் நிலையத்திலிருந்து சாதாரண பஸ் நேராகப் போகிறது. டூர் காசில் சின்னப் பங்குதான் டிக்கெட். காலையில் ஏறினால் மாலை வரை ஊர் உங்களுடையது. ஒரு ராத்திரி தங்க முடிந்தால் இன்னும் விசேஷம், ஏனென்றால் சாயங்காலம் டூர் பஸ்களெல்லாம் கிளம்பிய பிறகுதான் அந்தத் தூண் மண்டபங்களில் நடக்க இடம் கிடைக்கிறது என்று அங்கே குவளை விற்ற அம்மாவே சொன்னார். இதை நம் ஆட்கள் செய்யாததற்குக் காரணம் பயம். மொழி தெரியாது, வழி தெரியாது, வயதானவர்கள் கூட வருகிறார்கள். அந்தப் பயத்தைத்தான் இவர்கள் தலைக்கு இவ்வளவு யூரோ என்று விற்கிறார்கள்.

விற்கட்டும். ஆனால் நிரலை ஒழுங்காக அச்சடிக்கட்டும். பஸ்ஸில் எத்தனை மணி, கடையில் எத்தனை மணி, ஊரில் எத்தனை மணி என்று தனித்தனியாகப் போடட்டும். தண்ணீர் வயிற்றை என்ன செய்யும் என்று பெரிய எழுத்தில் போடட்டும். முழங்கால் வலிக்காரர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று போடட்டும். இதையெல்லாம் விரிவாக எழுதி அந்த டூர் நிறுவனத்துக்கே அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது, மிகவும் மரியாதையான பதில். கார்லோவி வாரியில் எங்களுக்கு நேரம் போதாமல் போனதற்கு வருந்துகிறார்களாம். அடுத்த முறை கார்லோவி வாரியும் மரியான்ஸ்கே லாஸ்னியும் சேர்ந்த பேக்கேஜை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு ஊர். மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி உண்டாம்.